மின்பெட்டிக்கு வினைல் உறை: அழகும் காப்பும்

தோட்டத்துச் சாலையோரங்களிலும், லயங்களின் முகப்பிலும், சிறுநகரக் கடைவரிசைகளின் மூலைகளிலும் மார்பளவு உயரத்தில் நிற்கும் மின்பெட்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். வண்ணம் வெளிறி, துரு ஏறி, கிழிந்த விளம்பரத் தாள்களைச் சுமந்து நிற்கும் அவற்றை ஒரு பொருளாக நாம் மதிப்பதில்லை. ஆயினும் நம் வீட்டு விளக்கும், குளிர்பதனப் பெட்டியும், பள்ளிப் பிள்ளை படிக்கும் மேசை விளக்கும் அவற்றின் வழியாகவே ஒளி பெறுகின்றன.

அண்மைக் காலமாக உலகின் பல நகரங்களில் இத்தகைய பெட்டிகளை ஓவியத்தால் அழகுபடுத்தும் வழக்கம் பரவியுள்ளது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் சாலைச் சமிக்ஞை விளக்குகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்மீது பொதுமக்களே ஓவியம் தீட்டும் பணி 1999இல் தொடங்கியது. தூரிகையால் தீட்டுவதற்கு மாற்றாக, படம் அச்சிட்ட வினைல் உறையைப் பெட்டியின்மீது ஒட்டும் முறையும் இன்று பெருகி வருகிறது. நம் தோட்டங்களிலும் இளைஞர் மன்றங்கள் கூட்டுப்பணியாக இதனை மேற்கொள்ளலாம். ஆனால் சுவரில் படம் ஒட்டுவது வேறு. மின்பெட்டியில் உறை ஒட்டுவது வேறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் இறங்கினால் அழகுக்காகச் செய்த வேலை ஆபத்தில் முடியக்கூடும். ஆகவே அப்பணியின் முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

சாலையோரம் நிற்கும் பெட்டிகளுள் பெரும்பாலானவை மின்பகிர்வுப் பெட்டிகள். மின்துறையினர் இவற்றைப் பீடர் பில்லர் என்பர். துணை மின்நிலையத்திலிருந்து நிலத்தடிக் கம்பியில் வரும் மின்சாரம் இப்பெட்டியில் பிரிந்து, வீட்டு வரிசைகளுக்கும் கடைகளுக்கும் தெரு விளக்குகளுக்கும் செல்கிறது. மலேசியாவில் இவ்விணைப்பின் மின்னழுத்தம் மூன்று முனைக்கு 400 வோல்ட், ஒரு முனைக்கு 230 வோல்ட் ஆகும். 2008 சனவரி முதல் நாளுக்கு முன்னர் இது 415 வோல்ட், 240 வோல்ட் எனக் குறிக்கப்பட்டு வந்தது. எந்தக் கணக்கில் சொன்னாலும் மனித உயிரை மாய்க்க இது போதுமானது.

மின்சாரம் ஓடும் கம்பியும் இணைப்பும் வெப்பத்தை வெளியிடும். அவ்வெப்பம் வெளியேறுவதற்காகவே பெட்டியின் பக்கங்களில் சாய்வான காற்றுத் துளைகள் அமைக்கப்பட்டுள்ளன. கதவின் ஓரத்தில் ரப்பர்ப் பட்டை பொருத்தப்பட்டிருக்கும். அது மழைநீர் உள்ளே புகாமல் தடுக்கிறது. கதவின்மேல் அபாயக் குறியும் பெட்டியின் எண்ணும் இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றியே வைக்கப்பட்டவை. நாம் ஒட்டும் உறை இவற்றுள் ஒன்றையேனும் கெடுக்குமாயின், அந்தப் பெட்டி ஒட்டுவதற்கு முன்பு இருந்ததைவிடத் தீய நிலையை அடைந்துவிடும்.

எனவே இப்பணிக்குரிய அடிப்படை விதியை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வோம். உறை போர்த்திய பின்னரும் பெட்டி மூச்சுவிட வேண்டும். தடையின்றித் திறக்க வேண்டும். தன் ஆபத்தைப் பிறருக்கு அறிவிக்க வேண்டும். பின்வரும் செய்திகள் யாவும் இம்மூன்றின் விளக்கமே.

யாருடைய பெட்டி?

நம் வீட்டு வாசலில் நிற்பதனால் ஒரு பெட்டி நம்முடையது ஆகிவிடாது. தீபகற்ப மலேசியாவில் மின்வழங்கும் பொறுப்பு 1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியத்திடம் வந்தது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. 1990 செப்டம்பர் முதல் நாள் அதன் பணிகளைத் தெனாகா நேஷனல் ஏற்றது. பொதுச் சாலையோரம் நிற்கும் மின்பகிர்வுப் பெட்டிகளுள் பெரும்பாலானவை அந்நிறுவனத்தின் உடைமை. சபாவிலும் சரவாக்கிலும் மின்வழங்கும் நிறுவனங்கள் வேறு. தெரு விளக்குப் பெட்டி சில இடங்களில் ஊராட்சி மன்றத்தைச் சேர்ந்ததாக இருக்கும். தொலைபேசிப் பெட்டிக்கும் உரிமையாளர் வேறு.

தோட்டங்களில் இன்னொரு நிலையும் உண்டு. ஒரே மீட்டர் வழியாக மின்சாரத்தைப் பெற்று, லயங்களுக்கும் ஆலைக்கும் நிர்வாகமே பகிர்ந்தளிக்கும் இடங்களில், மீட்டருக்குப் பின்னுள்ள பெட்டிகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளவை. தொழிலாளர் வீடமைப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், குடியிருப்புகளுக்குப் போதிய மின்வசதி அமைவதை முதலாளியின் கடமை ஆக்கியுள்ளது. ஆதலால் தோட்டத்துப் பெட்டி பழுதுற்றிருந்தால், அதனை முதலில் பழுதுபார்க்கக் கேட்பது நம் உரிமை. உறை ஒட்டுவது அதற்குப் பின்னரே. உடைந்த கதவின்மேல் அழகிய படம் ஒட்டுவது புண்ணை ஆற்றாமல் மேலே பட்டுத்துணி போர்த்துவதற்கு ஒப்பாகும்.

உரிமையாளர் யார் என்பதைப் பெட்டியின்மேல் உள்ள குறியால் அறிந்து, எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். அனுமதிக் கடிதத்தில் பெட்டியின் எண், அது நிற்கும் இடம், ஒட்ட விரும்பும் படத்தின் மாதிரி, பணி நடைபெறும் நாள் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கதவைத் திறக்கும் உரிமை நமக்கு இல்லை. உரிமையாளர் அனுப்பும் தகுதி பெற்ற மின்பணியாளரே அதனைத் திறக்கலாம்.

ஒட்டுமுன் பார்க்க வேண்டியவை

பணியைத் தொடங்கும் நாளுக்குச் சில நாள் முன்னதாகவே பெட்டியைச் சுற்றிப் பார்த்தல் நன்று. கதவு முழுதும் மூடியுள்ளதா? பெட்டி சாய்ந்துள்ளதா? அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையாகியுள்ளதா? கருகல் நாற்றம் வீசுகிறதா? வழக்கத்துக்கு மாறான இரைச்சல் கேட்கிறதா? காற்றுத் துளைகளில் குளவிக் கூடோ எறும்புப் புற்றோ உள்ளதா? புல் மண்டிய அடிப்பகுதியில் பாம்பு ஒதுங்கியிருக்கவும் கூடும். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உறை ஒட்டும் எண்ணத்தை ஒத்திவைத்து, உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். தெனாகா நேஷனல் பெட்டியாயின் 15454 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கும்போது பெட்டியின் எண்ணைச் சொன்னால் அவர்கள் இடத்தை விரைவில் கண்டுகொள்வர். பெட்டியின் எண்ணை உறை மறைத்தல் ஆகாது என்று வற்புறுத்துவது இதனாலேயே.

வினைல் என்பது யாது?

வினைல் உறை என்பது பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கால் ஆகிய மெல்லிய படலம். அதன் ஒரு பக்கத்தில் பசை பூசப்பட்டு, பின்தாளால் மூடப்பட்டிருக்கும். இப்பொருளின் வரலாறு ரப்பர்த் தொழிலோடு தொடர்புடையது என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்னும் வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு இணைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது பயனற்றதெனக் கருதப்பட்ட அந்தப் பிளாஸ்டிக்கைக் கொதிநிலை மிகுந்த கரைப்பானில் இட்டுச் சூடாக்கினார். தேடிய பசை கிடைக்கவில்லை; மாறாக, வளைந்து நெகிழும் புதுப்பொருள் கிடைத்தது. இன்று மின்கம்பியின் மேலுறை முதல் மழைச்சட்டை வரை அது பயன்படுகிறது.

உறைக்கான படலம் இருவகைப்படும். ஒன்று, பிளாஸ்டிக் மாவைச் சூடான உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கிய உருளை வினைல். இதன் கனம் பெரும்பாலும் 75 முதல் 100 மைக்ரான். இழுத்து நீட்டி உருவாக்கப்பட்டதால், வெயில் படப்படத் தன் பழைய அளவுக்குச் சுருங்க முயலும், ஓரங்கள் விலகும். மற்றொன்று, திரவ நிலையில் ஊற்றி உலர்த்திய வார்ப்பு வினைல். இதன் கனம் ஏறத்தாழ 50 மைக்ரான். இது சுருங்குவது மிகக் குறைவு, வளைவுகளிலும் நன்கு படியும், விலை மிகுதி. சமமான தட்டைப் பக்கங்கள் மட்டும் உள்ள பெட்டிக்கு நல்ல தரமான உருளை வினைல் போதும். மடிப்பும் வரிப்பள்ளமும் உள்ள பெட்டிக்கு வார்ப்பு வினைலே ஏற்றது.

அச்சிட்ட படத்தின்மேல் ஒளிபுகும் காப்புப் படலம் ஒன்று தேவை. அது இல்லையேல் நம் நாட்டு வெயிலில் வண்ணம் விரைவில் வெளிறிவிடும். அக்காப்புப் படலத்தில் பிற ஒட்டுத்தாள்கள் எளிதில் உரிந்துவரும் வகையும் உண்டு. உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்போர் தங்கள் தொலைபேசி எண்களை அச்சிட்ட தாள்களை மின்பெட்டிகள்மீது ஒட்டிச் செல்வதை நாம் அறிவோம். அவ்வெண்களை அழைத்து, கடனில் சிக்கி, நிம்மதி இழந்த குடும்பங்கள் பல. உரிமம் பெற்றவர்கள் அடமானம் இல்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் வட்டி வாங்கலாகாது என்பது கடன் கொடுப்போர் சட்டத்தின் விதி. அத்தாள்கள் நிலைத்து ஒட்டாத உறை, அழகோடு இந்த நன்மையையும் தரும்.

படமும் நிறமும்

படத்தைத் தேர்வதில் கருத்து வேண்டும். கருமையான நிறங்கள் வெயிலின் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும். பெட்டிக்குள் ஏற்கெனவே வெப்பம் உள்ளதால், வெளிர் நிறங்களே தக்கவை. புல்லும் செடியும்போலத் தோன்றி, பெட்டி இருப்பதே தெரியாமல் செய்யும் படங்களைத் தவிர்க்க வேண்டும். டிராக்டர் ஓட்டுபவரும் புல்வெட்டுபவரும் அதனைக் காணாமல் மோதக்கூடும்.

சிறுவரை அழைக்கும் படங்களும் கூடா. வீட்டுக் கதவு, பொம்மைக் கடை, இனிப்புப் பெட்டி, கேலிச்சித்திர நாயகர் முதலியவற்றை மின்பெட்டியில் வரைந்தால், கதவைத் திறந்து பார்க்கும் ஆவலை நாமே குழந்தைக்கு ஊட்டியவர் ஆவோம். ரப்பர் மரச் சாலை, செம்பனைக் குலை, இருவாட்சிப் பறவை, மலைத்தொடர் போன்ற காட்சிகள் தொலைவிலிருந்து பார்த்து மகிழத் தக்கவை. பெட்டி காட்சிப் பொருளாகலாம். விளையாட்டுப் பொருளாதல் ஆகாது.

அபாயக் குறியைப் பற்றித் தனியே கூற வேண்டும். நம் நாட்டு மின்பெட்டிகள் பலவற்றில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும். ‘அபாயம்’ என்னும் அந்தத் தமிழ்ச் சொல், பிற மொழி படிக்கத் தெரியாத நம் முதியோரையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் சிறுவரையும் காக்கும் சொல். படத்தின் அழகுக்காக அதனை மறைத்தலும், ஓவியத்தோடு ஓவியமாக மங்கச் செய்தலும் பெருந்தவறு. குறியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெறுமையாக விட்டு, உறையை வெட்டுதல் வேண்டும்.

அளவும் கணக்கும்

எடுத்துக்காட்டாக, 120 சென்டிமீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பெட்டி ஒன்றைக் கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். முன்னும் பின்னும் 130க்கு 100 அளவில் இரு துண்டுகள். பக்கங்களுக்கு 130க்கு 50 அளவில் இரு துண்டுகள். 137 சென்டிமீட்டர் அகலச் சுருளில் இவற்றை அடுத்தடுத்து வெட்டினால் 100, 100, 50, 50 எனச் சரியாக 3 மீட்டர் நீளம் தேவைப்படும்.

மேல்தட்டுக்கு உறை ஒட்டாமல் விடுவதே நன்று. கிடையாக உள்ள பரப்பில் வெயிலும் மழையும் நேரே தாக்குவதால் உறை அங்கேதான் முதலில் கெடும். மேல்தட்டின் வெளிர் வண்ணத்தை அப்படியே விட்டால் அரை மீட்டர்ச் சுருளும் மிச்சமாகும்.

ஒட்டும் முறை

காலம்: காலைப் பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் பணியைத் தொடங்க வேண்டும். நண்பகல் வெயிலில் உலோகத் தகடு 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அச்சூட்டில் பசை தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். பிழையாகப் பட்ட இடத்தை எடுத்துத் திருத்த இயலாது. பிற்பகலில் இடிமழை வருவது நம் நாட்டின் இயல்பு. இடி முழங்கினால் அந்நொடியே பெட்டியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்.

தூய்மை: சவர்க்கார நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, பின்னர் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். குழாய் நீரைப் பீய்ச்சி அடித்தல் அறவே கூடாது. காற்றுத் துளை வழியாக நீர் உள்ளே புகும். அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து, அது உலருமுன் வேறோர் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு சிறிதிருந்தாலும் பசை பிடிக்காது.

சோதனை: பெட்டியின் வண்ணம் உறுதியாக உள்ளதா என அறிய, வலிய ஒட்டுநாடா ஒன்றை அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுத்துப் பார்க்கலாம். வண்ணம் நாடாவோடு வந்தால், உறையும் நில்லாது. உரிமையாளரிடம் கூறித் துருவைச் சுரண்டி மறுவண்ணம் பூசச் செய்ய வேண்டும். புதுவண்ணம் தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினும், அதிலிருந்து ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் கொப்புளம் எழும். ஒரு வாரமேனும் பொறுத்தல் நலம்.

ஒட்டுதல்: இருவர் சேர்ந்து செய்யும் பணி இது. ஒருவர் உறையைத் தளர்வாகப் பிடிக்க, மற்றவர் மேற்புறத்தில் பின்தாளைச் சிறிதே உரித்து, நேராக நிறுத்தி ஒட்ட வேண்டும். பின்பு பின்தாளை மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டே, ஓரத்தில் மென்துணி வைத்த பிளாஸ்டிக் தேய்ப்புப் பட்டையால் நடுவிலிருந்து இருபுறமும் தேய்த்து வர வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பும் முன்னதன்மேல் சிறிது படியுமாறு அமைந்தால் காற்று தங்காது. சிறு குமிழி தங்கினால் ஊசி முனையால் குத்தி அழுத்தலாம்.

இணைப்பு: முதலில் பக்கத் துண்டுகளை ஒட்டி, மூலையைக் கடந்து முன்பக்கத்தில் 2 சென்டிமீட்டர் மடிக்க வேண்டும். முன் துண்டு அதன்மேல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் படிந்து, மூலைக்கு முன்பே முடிய வேண்டும். ஓரம் சரியாக மூலையில் அமைந்தால் போவோர் வருவோர் உரசி உரிந்துவிடும். குறுக்கே இணைப்பு வருமாயின் கீழ்த்துண்டை முதலிலும் மேல்துண்டை அதன்மேலும் ஒட்ட வேண்டும். அத்தாப்புக் கூரை வேய்வோர் கீழ்வரிசையிலிருந்து தொடங்குவதன் காரணமே இதற்கும் காரணம்: வழியும் மழைநீர் இணைப்புக்குள் புகாது.

வெட்டுதல்: காற்றுத் துளைகள், பூட்டு, கீல், கதவிடுக்கு, அபாயக் குறி, பெட்டி எண் ஆகிய யாவும் வெட்டித் திறந்துவிடப்பட வேண்டும். கதவோரத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ளேயே உறை முடிதல் நன்று. கத்தியைத் தகட்டின்மீது அழுத்தினால் வண்ணம் கீறி, அவ்வழியே துரு ஏறும். இதற்கெனவே உள்ளே மெல்லிய இழை பதித்த வெட்டுநாடா விற்கப்படுகிறது. வெட்ட வேண்டிய கோட்டில் அதனை முன்னதாகவே ஒட்டி, மேலே உறையை ஒட்டியபின் இழையை இழுத்தால் உறை மட்டும் நேராக அறுபடும். கத்தி முனையைக் காற்றுத் துளைக்குள் நுழைத்தல் எக்காரணம் கொண்டும் ஆகாது.

சூடாக்குதல்: வார்ப்பு வினைலை மடிப்பிலும் பள்ளத்திலும் படியவைத்தபின், அவ்விடத்தை வெப்பக் காற்றுக் கருவியால் 90 முதல் 100 பாகை வரை சூடாக்கி அழுத்த வேண்டும். அதனால் உறை பழைய நிலைக்கு மீளும் இயல்பை இழந்து நிலைத்து நிற்கும். கதவின் ரப்பர்ப் பட்டைமீது அச்சூடு படலாகாது. கருவிக்கான மின்சாரத்தை, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் வழியாகவே பெற வேண்டும். ஈரப் புல்லின்மேல் மின்கம்பியை இழுத்துச் செல்லலாகாது.

பின்னர் பேணுதல்

திங்களுக்கு ஒருமுறை ஓரங்களைப் பார்த்து, எழும்பிய இடத்தைத் துடைத்து அழுத்த வேண்டும். கிழிந்து தொங்கும் உறை காற்றுத் துளையை மூடிவிடக்கூடும். அதனை உடனே அகற்ற வேண்டும். தயாரிப்பாளர் குறிக்கும் ஆயுட்காலம் வெப்பநாடுகளில் குறையும். ஆதலால் வண்ணம் வெளிறி வெடிப்பு விழுமுன் உறையை எடுத்துவிடுதல் எளிது. சிறிது சூடாக்கித் தாழ்ந்த சாய்வில் மெதுவாக இழுத்தால் முழுதாக உரிந்துவரும்.

உரித்த உறையையும் வெட்டிய துண்டுகளையும் குப்பையோடு சேர்த்து எரிக்கலாகாது. வினைல் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் நச்சுவாயு எழும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும். அவற்றைக் கட்டி, குப்பை அகற்றுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், உறை ஒட்டிய பெட்டியைத் தொடுவதில் அச்சம் இல்லை எனச் சிலர் கருதக்கூடும். முடிதிருத்தும் தாளைப்போல் மெல்லிய இவ்வுறை அலங்காரத்துக்கு உரியது, மின்காப்புக்கு உரியதன்று. கீறலும் வெட்டும் விழுந்த அதன் வழியே கசிந்த மின்சாரம் பாயக்கூடும். உறைக்கு முன்பும் பின்பும் பெட்டி ஒன்றே. அதன் ஆபத்தும் ஒன்றே. பணி முடிந்த நாளன்று சிறுவரை அழைத்து, படத்தைக் காட்டும்போதே அபாயக் குறியையும் காட்டி, அதன் பொருளை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்வோமாக.

மீள்பார்வை வினாக்கள்

1. மின்பெட்டியின் காற்றுத் துளைகளை ஏன் மூடலாகாது?
2. உங்கள் குடியிருப்பில் உள்ள மின்பெட்டியின் உரிமையாளர் யார்? அதன் எண் யாது?
3. உருளை வினைலுக்கும் வார்ப்பு வினைலுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
4. 110 சென்டிமீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பெட்டிக்கு, மேல்தட்டு நீங்கலாக, 137 சென்டிமீட்டர் அகலச் சுருளில் எத்தனை மீட்டர் தேவை? (விடை: 2 மீட்டர் 60 சென்டிமீட்டர்)
5. கேலிச்சித்திர நாயகர் படத்தை மின்பெட்டியில் ஒட்டலாமா? உங்கள் கருத்தைக் காரணத்தோடு மன்றத்தில் உரையாடுக.